சமகால மட்கலைச் சந்தைக்கு முதன்முறையாகப் போகிறேன்: எப்படிப் பார்ப்பது, என்ன கேட்பது?

கேள்வி: சுங்கான்கடை மாணவி

பெரியவர்களுக்கும் அக்கா, அண்ணன்மாருக்கும் வணக்கம். நான் கவின்கலைக் கல்லூரி ஒன்றில் சிற்பப் பிரிவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் நாகர்கோவிலை அடுத்த சுங்கான்கடை. பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் அந்த வழியாகப் பேருந்தில் போனவர்கள், சாலையோரம் பானைகளும் மண் அடுப்புகளும் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். என் தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, 73 வயதிலும் சக்கரத்தின் முன் உட்காருகிறார். களிமண்ணில் வளர்ந்தவள் என்றாலும், ஸ்டோன்வேர் (உயர்வெப்பத்தில் கல்போல இறுகும் மண்), போர்சலின் (வெண்ணிறப் பீங்கான் மண்) போன்ற மண்களைக் கல்லூரிக்குப் போன பிறகுதான் கையால் தொட்டேன்.

அடுத்த மாதம் புதுச்சேரியில் நடக்கும் சமகால மட்கலைச் சந்தைக்கு எங்கள் வகுப்பிலிருந்து 14 பேரை ஆசிரியர் அழைத்துப் போகிறார். பல மாநிலங்களில் தனிப் பட்டறை வைத்திருக்கும் கலைஞர்கள் வந்து கடை போடுவார்கள் என்றும், எங்களுக்கு ஒன்றரை நாள் கிடைக்கும் என்றும் சொல்லியிருக்கிறார்.

சென்ற ஆண்டு வேறொரு நகரத்தில் ஒரு மட்கலைக் கண்காட்சிக்குப் போனேன். அன்று 200க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தேன். ஒரு வரிகூடக் குறிப்பு எழுதவில்லை. திரும்பி வந்ததும் என்ன பார்த்தாய் என்று ஆசிரியர் கேட்டபோது, அழகாக இருந்தது என்பதைத் தவிர எனக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை. அதோடு, ஒரு ஜாடியின் விளிம்பை விரலால் தொட்டுவிட்டேன் என்று அங்கே பொறுப்பிலிருந்த ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். அதன் பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே மீதி அரங்கைச் சுற்றினேன். மண்ணைத் தொடாமல் எப்படிப் புரிந்துகொள்வது என்று அன்று முழுவதும் மனம் கிடந்து தவித்தது.

ஆகவே, இந்த முறை எதைப் பார்ப்பது, தொடலாமா, கலைஞர்களிடம் என்ன கேட்கலாம் என்று அறிய விரும்புகிறேன். என்னிடம் செலவுக்குப் போக 1,500 ரூபாய் இருக்கும். அதில் ஏதாவது வாங்குவது நல்லதா என்றும் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. சென்ற ஆண்டு எடுத்த படங்களைத் தாத்தாவிடம் காட்டியபோது, ஒரு படத்தில் சிறிய கிண்ணத்தின் விலைச்சீட்டும் விழுந்திருந்தது. விலை 2,400 ரூபாய். தாத்தா செய்யும் மீன்சட்டியை 100 ரூபாய் சொன்னால் 80க்குக் கேட்பார்கள். அவர் கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். விலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இது எந்த மண்ணு மக்களே?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்த விலைக்கும் தாத்தாவின் விலைக்கும் நடுவில் இருப்பது என்ன என்பதையும், தெரிந்தவர்கள் எனக்கு விளங்கும்படி சொல்லுங்கள்.

பதில்: மார்த்தாண்டத்துப் பட்டறைக்காரி

அன்புத் தங்கைக்கு, நான் மார்த்தாண்டத்தில் பிறந்து, பதினைந்து ஆண்டுகளாகப் புதுச்சேரிப் பக்கம் சிறு பட்டறை நடத்துகிறவள். இதுபோன்ற சந்தைகளில் மேசைக்குப் பின்னால் நின்றிருக்கிறேன் என்பதால், அங்கிருந்து பார்த்துச் சொல்கிறேன்.

முதலில் கண்காட்சி வேறு, சந்தை வேறு என்பதை மனத்தில் வைத்துக்கொள். 2018இல் ஜெய்ப்பூரின் ஜவகர் கலா கேந்திராவில் நடந்த முதல் இந்திய மட்கலை மூவாண்டுக் கண்காட்சியைப் போன்றவற்றில், கலைப்பொருள் ஓர் இடத்தில் ஒரு கருத்தோடு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். அங்கே நீ கண்ணால்தான் பார்க்க வேண்டும். சந்தையில் அதைச் செய்த கையே மேசைக்குப் பின்னால் நிற்கிறது. கிண்ணமும் கோப்பையும் கையில் எடுத்துப் பார்ப்பதற்காகவே வைக்கப்பட்டிருக்கின்றன. "எடுத்துப் பார்க்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேள், வேண்டாம் என்று சொல்பவர் மிகக் குறைவு. இரண்டு கைகளாலும் எடு, மேசைக்கு மேலேயே வைத்துப் பார், தோள்பையைக் கழற்றி ஓரமாக வைத்துவிடு. மூடியுள்ள பாத்திரமென்றால் மூடியை முதலில் எடுத்துத் தனியாக வை. நான் மாணவியாக இருந்தபோது, ஒரு தேநீர்க் கெண்டியை மூடியோடு தலைகீழாகத் திருப்பி, மூடி விழுந்து மூன்று துண்டானது. அதைச் செய்த அம்மையார் என்னைத் திட்டவில்லை. துண்டுகளைப் பொறுக்கி, உடைந்த விளிம்பை என் கண்ணெதிரே பிடித்து, "மண் எவ்வளவு அடர்த்தியாகச் சுட்டிருக்கிறது பார்" என்றார். மெருகு, அதாவது சூளையில் உருகிப் படியும் மேற்பூச்சு, மேலே ஒரு கண்ணாடி நூலாகவும், அதன் கீழே மண் சாம்பல் நிறக் கல்லாகவும் தெரிந்தன. அன்றைய தினத்தில் எனக்கு நினைவிருப்பது அந்த விளிம்பு மட்டுந்தான்.

கையில் எடுத்ததும், எடுப்பதற்கு முன் கண் ஊகித்த எடையும் கை உணரும் எடையும் ஒத்துப்போகின்றனவா என்று கவனி. பெரியதாகத் தெரிவது லேசாக இருந்தால், சுவரை மெல்லியதாக இழுத்திருக்கிறார் அல்லது அடியை நன்றாகச் செதுக்கியிருக்கிறார் என்று பொருள். சிறியது கனமாக இருந்தால் அது பிழையாகவும் இருக்கலாம், வேண்டுமென்றே செய்ததாகவும் இருக்கலாம். அதை அவரிடமே கேட்கலாம். பிறகு கவிழ்த்து, பாத்திரம் ஊன்றி நிற்கும் அடிவளையத்தைப் பார். உயர்வெப்பச் சூளையில் அடிவளையத்தில் மெருகு இருந்தால் பாத்திரம் சூளைத்தட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், பெரும்பாலும் அங்கே துடைத்து விட்டிருப்பார்கள். எனவே மண் தன் சொந்த முகத்தோடு தெரியும் இடம் அதுதான். கருஞ்சிவப்பாகவோ காப்பிக் கொட்டை நிறமாகவோ இருந்தால் இரும்பு மிகுந்த மண், வெண்மையாக இருந்தால் சீனக்களி மிகுந்த மண். உன் தாத்தா கேட்ட கேள்விக்குப் பதில் அங்கேதான் எழுதியிருக்கும். படத்தில் அது விழாமல் போனதில் வியப்பில்லை.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் சுற்றில் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு எல்லாக் கடைகளையும் ஒருமுறை வேகமாகப் பார்த்து வா. மனத்தில் நின்ற மூன்று கடைகளுக்கு மட்டும் திரும்பிப் போ. ஒவ்வொன்றிலும் ஒரு பாத்திரத்தை அரைமணி நேரமாவது பார்த்து வரை. வெளித்தோற்றத்தை வரைவதைவிட, அந்தப் பாத்திரத்தை நடுவில் நெடுக்காக அறுத்தால் சுவர் எங்கே தடிக்கும், எங்கே மெலியும் என்று ஊகித்துக் குறுக்குவெட்டாக வரைந்து பார். விரலை உள்ளேயும் வெளியேயும் ஓட்டினால்தான் அந்தக் கோடு வரும். 200 படங்கள் தராத அறிவை அந்த மூன்று கோட்டோவியங்கள் தரும் என்று என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன்.

வாங்குபவர் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் போகாதே. அவர்களுக்கு அன்றைய வருமானம் அதில்தான் இருக்கிறது. காலையில் கடை திறந்த முதல் ஒரு மணி நேரமும், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரமும் பேசுவதற்கு நல்லவை. "உங்களுக்கு இந்த எண்ணம் எப்படித் தோன்றியது?" என்று கேட்டால், எல்லோரிடமும் சொல்லும் ஒரே பதிலைச் சொல்வார்கள். எந்த மண், எங்கிருந்து வருகிறது, விறகா எரிவாயுவா மின்சாரமா, எத்தனை டிகிரி, சூளையைத் திறந்தபோது எது கெட்டுப்போயிருந்தது என்று கேட்டுப் பார். மேசையைச் சுற்றிக்கொண்டு உன் பக்கமே வந்துவிடுவார்கள். மெருகின் கலவைக் கணக்கை மட்டும் முதல் சந்திப்பில் கேட்காதே.

நீ வரும் ஊரைப் பற்றியும் கொஞ்சம் அறிந்துகொண்டு வருவது நல்லது. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பட்டறையைத் தொடங்கினார்கள். இருவரும் அமெரிக்கர்கள், டெபோரா அதற்கு முன் ஜப்பானில் இந்தக் கலையைப் பயின்றவர். இன்று இந்தியாவெங்கும் ஸ்டோன்வேர் செய்கிற பலர் அந்தப் பட்டறையில் படித்தவர்கள், அல்லது அங்கே படித்தவர்களிடம் படித்தவர்கள். ரே மீக்கர் 1980களில் மண் செங்கல்லால் வீட்டைக் கட்டி, அதற்குள்ளே சுடாத செங்கற்களையும் ஓடுகளையும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கி நாள்கணக்கில் எரித்துச் சுட்டார். இதை உன் தாத்தாவிடம் சொல். அவருக்கு அது உடனே விளங்கும்.

விலைக்கு வருகிறேன். என்னுடைய கிண்ணம் ஒன்று முதலில் ஏறத்தாழ 950 டிகிரியிலும், மெருகு பூசிய பின் 1,280 டிகிரியிலும் என இருமுறை சூளைக்குள் போகிறது. எரிவாயுச் செலவு, வாங்கும் மண், பிளந்தும் கோணியும் போகிறவை, கடை வாடகை, கலைக்கூடம் வழியாக விற்றால் அவர்கள் எடுத்துக்கொள்ளும் பங்கு ஆகிய எல்லாவற்றையும் விலை தாங்க வேண்டும். ஆனால், 100க்கும் 2,400க்கும் நடுவிலுள்ள தொலைவு முழுவதையும் இந்தக் கணக்கு நிரப்பிவிடும் என்று உன்னிடம் சொன்னால் அது உண்மையாகாது. அந்த விலையில் ஒரு பகுதி, கிண்ணத்தின் அடியில் பொறித்திருக்கும் பெயருக்குக் கொடுப்பது. உன் தாத்தாவின் சட்டியில் பெயர் இல்லை. ஊர்ச் சந்தைக்கு வருகிறவர்களுக்கு அது யார் கை என்று தெரியும், அதற்கு வெளியே தெரியாது. கைத்திறன் குறைவதால் விலை குறைகிறது என்று மட்டும் ஒருபோதும் எண்ணிவிடாதே.

நைஜீரியாவில் லாடி க்வாலி என்றொரு அம்மையார் இருந்தார். சக்கரம் இல்லாமல் மண்திரியை வளைத்து அடுக்கித் தண்ணீர்ப் பானை செய்யும் தன் ஊர் முறையைக் கற்றவர். 1950களில் மைக்கேல் கார்டியூ என்ற ஆங்கிலேயர் அபுஜாவில் நடத்திய பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தார். அதே பானையை அதே முறையில் செய்து, மெருகு பூசி உயர்வெப்பத்தில் சுட்டார். உலகம் முழுவதும் அவர் பெயர் தெரிந்தது. இன்று அந்நாட்டின் 20 நைரா பணத்தாளின் பின்புறத்தில் அவர் பானை செய்யும் படம் இருக்கிறது. கை அதே கைதான். யாரோ ஒருவர் பெயரைக் கேட்டு எழுதி வைத்தார். சந்தைக்கு வரும்போது இதையும் நினைத்துக்கொண்டு வா.

பதில்: இரணியல் வாசகர்

1,500 ரூபாயில் நிச்சயமாக ஒன்று வாங்கலாம். சிறு குறையுள்ளவற்றைப் பலர் மேசைக்கு அடியில் ஒரு கூடையில் தனியாக வைத்திருப்பார்கள். கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். படிக்கிறவருக்குக் குறையில்லாத பாத்திரத்தைவிட அதுவே அதிகம் சொல்லித் தரும். மெருகு ஓரிடத்தில் சுருண்டு விலகியிருக்கும், ஊசித்துளை விழுந்திருக்கும், அடி கோணியிருக்கும். ஏன் அப்படி ஆயிற்று என்று அவரையே கேட்டுக்கொள்ளலாம். விரிசல் உள்ளதை மட்டும் வாங்க வேண்டாம். விரல் கணுவால் தட்டினால் நல்லது மணிபோல ஒலிக்கும், விரிசல் விட்டது மொத்தென்று கேட்கும். சாப்பாட்டுக்குப் பயன்படுத்துவதாக இருந்தால், எலுமிச்சைத் துண்டு ஒன்றை இரவு முழுவதும் மெருகின் மேல் வைத்துப் பாருங்கள். காலையில் அந்த இடம் நிறம் மாறியிருந்தால், புளி ஊற்றும் மீன்குழம்புக்கு அந்தப் பாத்திரம் ஆகாது. ரயிலில் திரும்பும்போது பழைய துண்டில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்; இருக்கைக்கு அடியில் வைத்து நான் ஒன்றை இழந்திருக்கிறேன்.

பதில்: கல்குளம் வட்டத்துக் குயவர் (மகன் தட்டச்சு செய்கிறேன்)

மக்களே, உன் கேள்வியை என் மகன் வாசித்துக் காட்டினான். உன் தாத்தா கேட்டது சரியான கேள்வி. எங்கள் தொழிலில் அதைத்தான் முதலில் கேட்போம். புதுக் குளத்தில் மண் எடுத்தால், ஒரு கிள்ளு எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிப்போம். நறநறவென்றால் மணல் இருக்கிறது, வழுக்கினால் வெறும் களி. வெறும் களி காயும்போது வெடிக்கும், மணல் மிகுந்தது சக்கரத்தில் எழும்பாது. சுண்டுவிரல் தடிமனில் திரி உருட்டி விரலைச் சுற்றி வளைப்போம். முதுகு வெடிக்காமல் வளைந்தால் அந்த மண் சட்டிக்கு ஆகும். நீ கற்கும் கல்லூரியில் இதற்கெல்லாம் கருவி இருக்கலாம். ஆனால் பல்லும் விரலும் எப்போதும் கூடவே வரும்.

சந்தையில் நீ பார்க்கப்போகும் பாத்திரங்கள் தட்டையான அடியோடு நிற்கும் என்று மகன் சொல்கிறான். அவர்கள் பாத்திரம் மேசையில் இருக்க வேண்டியது, நம்முடையது மூன்று கல் அடுப்பில் இருக்க வேண்டியது. நாம் சக்கரத்தில் வாயையும் கழுத்தையும் முடித்து, அடியைத் தடிமனாகவும் திறந்தும் விட்டு அறுத்து எடுப்போம். நிழலில் வாடவிட்டு, உள்ளே கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவோம். முதலில் தட்டும்போது ஈரச்சத்தம் வரும், சுவர் மெலிய மெலியச் சத்தம் உலர்ந்து மேலே ஏறும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் காதுதான் சொல்லும். உருண்ட அடியில் மூலை கிடையாது. தீ ஒரே சீராகத் தழுவிப் போகும். மூலை இருந்தால் அங்கே வெடிக்கும். இதை நீ உன் தாத்தாவின் மடியிலிருந்தே பார்த்திருப்பாய். பார்த்தது உன் கையிலே இருக்கிறது. அங்கே போய் அதை மறைத்துக்கொண்டு நிற்காதே.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய கைவினை விழாவுக்கு என்னைச் சக்கரத்தோடு அழைத்துப் போனார்கள். வாசல் அருகே ஒரு மூலையில் உட்கார வைத்து, சும்மா சுற்றிக்கொண்டே இருங்கள், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்றார்கள். இரண்டு நாளும் சுற்றினேன். குழந்தைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் பாத்திரங்கள் வைத்திருந்தவர்களிடம் நின்று பேசியவர்களில் ஒருவர்கூட என்னிடம் வந்து, இது எந்த ஊர் மண் என்று கேட்கவில்லை. நீ போகும் இடத்திலும் வாசலில் அப்படி ஒருவரை உட்கார வைத்திருந்தால், உள்ளே கேட்கும் கேள்விகளை எல்லாம் அவரிடமும் கேள். அவர் பெயரையும் ஊரையும் உன் குறிப்பேட்டில் எழுது.

பதில்: மணவாளக்குறிச்சி, ஓய்வுபெற்ற மட்பொருள் தொழில்நுட்பர்

மேலே பெரியவர் சொன்னதற்குச் சில விளக்கங்களை மட்டும் சேர்க்கிறேன். கதம்பையும் (தேங்காய் மட்டை) ஓலையும் வைக்கோலும் போட்டு எரிக்கும் நம் ஊர்ச் சூளையில் வெப்பம் ஏறத்தாழ 700 முதல் 900 டிகிரி வரை போகும். அந்த வெப்பத்தில் மண் கெட்டிப்படும், ஆனால் உருகி இறுகாது. நுண்துளைகள் அப்படியே இருக்கும். பானைத் தண்ணீர் குளிர்வதும், சட்டி அடுப்பின் திடீர்ச் சூட்டைத் தாங்குவதும் அந்தத் துளைகளால்தான். 1,200 டிகிரிக்கு மேல் ஸ்டோன்வேர் மண்ணின் ஒரு பகுதி கண்ணாடியாகி, துளைகளை அடைத்துவிடுகிறது. அதனால் அது நீரை உறிஞ்சாது. அதே காரணத்தால் அடுப்பிலும் நிற்காது. எனவே இவ்விரண்டில் ஒன்றை உயர்ந்தது, மற்றதைத் தாழ்ந்தது என்று சொல்ல இடமில்லை, வேலை வேறு. சூளையை ஆறுவதற்கு முன் திறந்தால் பானை வெடிக்கும் என்று தாத்தா சொல்லியிருப்பார். மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் ஆறும்போது 573 டிகிரியில் சட்டென்று சுருங்குகிறது; அந்த இடத்தை மெதுவாகக் கடக்க வேண்டும் என்பதே அதன் காரணம்.

சந்தையில் பால்போல வெளிச்சம் ஊடுருவாத வெள்ளை மெருகைப் பார்த்தால், அதில் சிர்க்கான் என்ற கனிமம் இருக்க வாய்ப்பு அதிகம் என்று நினைத்துக்கொள்ளம்மா. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலில் இல்மனைட், ரூட்டைல், கார்னெட், மோனசைட் ஆகிய கனிமங்களோடு சிர்க்கானும் இருக்கிறது. அதை மாவாக அரைத்து மெருகில் சேர்த்தால் உருகாமல் நுண்துகளாக நின்று ஒளியைச் சிதறடித்து வெண்மை தரும். ரூட்டைல் சேர்த்த மெருகு, மழைநீர் வழிந்த சுவரைப் போலக் கீற்றுக் கீற்றாக நீலமும் மஞ்சளுமாக ஓடும். நம் கரையில் கிடக்கும் பொருள் அந்த மேசைகளின் மேல் என்ன உருவில் நிற்கிறது என்று தேடிப் பார்ப்பது குமரி மாவட்டத்துப் பிள்ளைக்கு நல்ல பயிற்சி. அதற்காகக் கடற்கரையிலிருந்து மணலை அள்ளிக்கொண்டு போகக் கூடாது. அது சட்டப்படி குற்றம். மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் இருப்பதால் அரைப்பதும் சுடுவதும் உடலுக்குக் கேடு.

போவதற்கு முன் வீட்டிலேயே கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம். ஊறுகாய்ப் பரணியைக் கவிழ்த்து அடியைப் பார்; மேலே காப்பி நிறமும் கீழே வெளிர்நிறமும் சந்திக்கும் கோட்டில் மெருகு எப்படி வழிந்திருக்கிறது என்று பார். ஒரு விடுமுறை நாளில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய், அங்குள்ள சீனத்துப் பெரிய ஜாடிகளின் முன் சற்று நேரம் நில். அடியைக் கவிழ்க்க முடியாவிட்டாலும் தோளும் கழுத்தும் சேருமிடம் தெரியும்.

கடைசியாக ஒரு யோசனை. இரும்பு மிகுந்த குளத்துக் களி 1,280 டிகிரியில் பாத்திரமாக நிற்காது, சரிந்து உருகிவிடும். ஆனால் அதையே கரைத்து ஸ்டோன்வேரின் மேல் மெல்லப் பூசினால், உருகிக் கருங்காப்பி நிற மெருகாக மாறுவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. தாத்தாவின் மண்ணில் ஒரு கைப்பிடியைக் காயவைத்து எடுத்துக்கொண்டு போய், யாராவது ஒருவர் தம் சூளையில் சோதித்துத் தருவாரா என்று கேட்டுப் பார். சிறு கிண்ணத்துக்குள் வைத்துச் சுடச் சொல்; வழிந்தால் அவருடைய சூளைத்தட்டு கெட்டுவிடும்.

மீண்டும்: சுங்கான்கடை மாணவி

அனைவருக்கும் நன்றி. போய்வந்து ஒரு வாரம் ஆகிறது. நடந்ததை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அக்கா சொன்னபடி முதல் சுற்றில் கைப்பேசியை எடுக்கவே இல்லை. மூன்று கடைகள் என்று நினைத்துப் போனேன், இரண்டுதான் முடிந்தது. முதல் கடையில் இருந்தவர் போர்சலினில் மிக மெல்லிய விளக்குகள் செய்கிறவர். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், ஆனால் கூட்டம் வந்துகொண்டே இருந்ததால் நான் விலகிக்கொண்டேன். இரண்டாவது கடையில்தான் ஒன்றரை மணி நேரம் நின்றேன். எளிய கிண்ணங்கள், சாம்பல் கலந்த பச்சை மெருகு. ஒன்றைக் கவிழ்த்தபோது அடிவளையம் சுட்ட பனங்கொட்டை நிறத்தில் இருந்தது, நடுவில் கரும்புள்ளிகள். "இது எந்த மண்ணு?" என்று தாத்தாவின் வார்த்தையிலேயே கேட்டுவிட்டேன். அவர் சிறிது நேரம் என்னைப் பார்த்துவிட்டு, கடையில் வாங்கும் ஸ்டோன்வேர் மண்ணோடு தம் பட்டறைக்குப் பின்னாலுள்ள ஏரிக்கரைச் செம்மண்ணைச் சலித்து 20க்கு ஒரு பங்கு கலப்பதாகவும், புள்ளிகள் அதிலிருந்து வருபவை என்றும், அன்று காலையிலிருந்து இதைக் கேட்ட முதல் ஆள் நான்தான் என்றும் சொன்னார். குறுக்குவெட்டு வரைந்து காட்டினேன். சுவர் அடியில் திரும்புமிடத்தில் நான் போட்ட தடிமன் கூடுதல் என்று திருத்தி, தன் பென்சிலால் அருகில் வேறொரு கோடு போட்டுக் கொடுத்தார்.

வாசலில் ஒருவர் சக்கரத்தோடு உட்கார்ந்திருந்தார். விழுப்புரம் பக்கத்துப் பெரியவர். பெயரும் ஊரும் என் குறிப்பேட்டில் இருக்கின்றன. எங்கள் வகுப்பில் ஐந்து பேர் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். ஆசிரியரும் வந்து உட்கார்ந்தார். கல்குளம் பெரியவர் இங்கே சொன்ன பல்லில் கடிக்கும் சோதனையை அவரும் செய்து காட்டினார்.

குறைக் கூடையிலிருந்து 350 ரூபாய்க்கு ஒரு கோப்பை வாங்கி வந்தேன். கைப்பிடியின் அருகே மெருகு விலகிய ஓர் இடம் இருக்கிறது. தாத்தா அதை வாங்கி, யாரும் சொல்லாமலே கவிழ்த்தார். அடிவளையத்தில் நாக்கு நுனியை வைத்தார். நம் சட்டியாக இருந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "ஒட்டல்லியே" என்றார். 1,280 டிகிரி என்றேன். அந்த எண்ணைவிட, எத்தனை மணி நேரம் எரித்தார்கள் என்பதே அவருக்குத் தேவைப்பட்டது; பதினோரு மணி நேரம் என்று நான் குறித்து வந்திருந்தேன். கோப்பையில் தண்ணீர் நிரப்பித் திண்ணையில் செய்தித்தாளின் மேல் வைத்துவிட்டுப் படுத்தார். விடிந்ததும் தூக்கிப் பார்த்தார். தாளில் ஈரம் இல்லை. ரே மீக்கர் வீட்டைச் சுட்ட கதையையும் சொன்னேன். உள்ளே எந்தப் பக்கம் வாய் வைத்து எரித்தார் என்று கேட்டார், அதைத் தேடிப் படித்துச் சொல்ல வேண்டும்.

விலையைப் பற்றியும் அக்கா எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காய்வதற்கு வைத்திருந்த சட்டிகளில் ஒன்றை எடுத்து, அடியில் என்ன எழுதலாம் என்று என்னிடம் கேட்டார். பெயரின் முதலெழுத்தை ஆணியால் எழுதிக் காட்டினேன். உருண்ட அடியில் எழுதினால் தீயில் கரிந்து தெரியாமல் போகும் என்று சொல்லி, கழுத்துக்குக் கீழே தன் கையாலேயே ஒருமுறை எழுதிப் பார்த்தார். அந்தச் சட்டி இந்த வாரச் சூளையில் இருக்கிறது.

மண்ணை நான் கையோடு கொண்டுபோகவில்லை, கேட்டு மட்டும் வந்தேன். இரண்டாவது கடைக்காரர் அனுப்பச் சொல்லியிருக்கிறார். அடுத்த சூளை அவருக்கு மாதக் கடைசியில். ஒரு கைப்பிடி போதும் என்று எழுதியிருந்தீர்கள். தாத்தா ஐந்து கிலோ எடுத்து, கல்லும் வேரும் பொறுக்கி, கரைத்து வடிகட்டி, தட்டுகளில் ஊற்றி முற்றத்தில் காயவைத்திருக்கிறார். மழை மூடிக்கொண்டு வருவதால் நானும் பாட்டியும் தட்டுகளை உள்ளே எடுத்துவைப்பதும் வெளியே வைப்பதுமாக இருக்கிறோம்.